வலது பக்கத்துப் பால்

தொம்மலூர்
12-3-1961

டெஸ்மண்ட் துரைக்கு, ஜட்கா கிருஷ்ணப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு சரளா எழுதும் கடிதம். நான் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய்.

இங்கிலாந்து ராணி நம் ஊருக்கு வந்து லால்பாகில் செடி நட்டுவிட்டுப் போன வருஷம் இது. இனிமேல் ஜனங்கள் எல்லாக் கணக்கையும் ராணி வந்ததற்கு முன்னே, பின்னே என்றுதான் சொல்வார்கள். எனக்கு இது, என் பெண்டாட்டி சரசு மாரில் ஒரு கட்டி இருப்பதை ஊரார் வாயால் நான் கேட்ட வருஷம்.

உன் அம்மா மௌரீன் துரைசானி ராணியைப் பார்க்க சரசுவையும் பரேடு மைதானத்துப் பக்கம் அழைத்துப் போனாள். கார் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டதாம். வெள்ளைக் கையுறை ஒன்றுதான் தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து அந்தக் கையுறையைப் பற்றியே வாரம் முழுக்கப் பேசினாள். அன்றைக்கே உங்கள் காக்ஸ் டவுன் வீட்டில் மாரைத் திறந்து காட்டியதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நேற்று உன் ஆஸ்பத்திரி நர்ஸ் பிரிஜெட் இங்கே வந்தாள். நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். "சரசம்மா வூடு இதானேங்க? டாக்டர் டெஸ்மண்ட் வரச் சொன்னாரு. கட்டியில கொஞ்சமா சதை எடுத்துப் பாக்கணுமாம்" என்றாள். "எந்தக் கட்டி?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

சரசுவோடு நான் நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்கிறேன். தீபாவளியிலிருந்து இருக்கிறதாம் கட்டி. நான் அறியேன், நீ அறிவாய். தொட்டுக்கூடப் பார்த்தாயாம்.

துரை, எனக்கு எழுத்துத்தான் தெரியாது. நினைவு கெடவில்லை. நீ பிறந்தபோது உன் அம்மாவுக்கு ஜுரம் கண்டு பால் நின்றுபோனது. உன் அப்பா டென்சில் துரை என் ஜட்காவில்தான் டாக்டரை அழைத்துவரப் போனார். போகிற வழியில், "உன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாமே" என்று கேட்டார். மறுநாளிலிருந்து சரசு உனக்குப் பால் கொடுத்தாள். என் மகன் முனிராஜு அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. உன் அம்மா சட்டம் போட்டாள். வலது பக்கம் துரை பிள்ளைக்கு, இடது பக்கம் அவள் பிள்ளைக்கு, கலக்கக் கூடாது. வலது பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவின பிறகுதான் உன்னை மடியில் போடுவார்கள். ஒரே உடம்பில் ஒரு பக்கம் சோப்பு வாசனை, ஒரு பக்கம் பால் வாசனை. நான் அறிவேன் அதை.

பல் முளைக்கும் முன்னே உன்னைக் குன்னூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லவில்லை. வலது பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டு, அவள் ஜுரத்தில் உளறினாள். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டித்தான் பாலை வற்ற வைத்தார்கள். அது முழுக்க வற்றவில்லை. உள்ளே உறைந்து கிடந்திருக்கிறது. இன்றைக்குக் கட்டி வந்திருப்பதும் வலது பக்கம்தான். அது உனக்காகச் சுரந்த பால், நீ குடிக்காமல் விட்டுப்போன பால். இதற்குக் கத்தி எதற்கு? மல்லிகைப் பூ போதும்.

அன்றைக்குப் பாலை எடுத்தீர்கள். இன்றைக்குச் சதையும் வேண்டுமாம்.

இனிமேல் ஆள் அனுப்பாதே. சொல்ல வேண்டியது இருந்தால் கடிதம் போடு. உன் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டம் இல்லை.

இப்படிக்கு,
கிருஷ்ணப்பா (கைநாட்டு)


பெங்களூர்
20-3-1961

மதிப்பிற்குரிய கிருஷ்ணப்பா அவர்களுக்கு,

நர்ஸ் பிரிஜெட் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரியும். தமிழில் நானும் உங்களைப் போலத்தான், எழுத்து தெரியாதவன். பேசுகிற தமிழ் சரசம்மா கொடுத்தது.

நீங்கள் கோபப்பட்டது நியாயம். பிரிஜெட்டை அனுப்பும் முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சரசம்மா என்னிடம் சொல்லவில்லை, என் அம்மாவிடம் சொன்னாள். "அவருகிட்ட சொன்னா ஊரையே கூட்டிடுவாரு" என்றாளாம். அம்மா என்னைக் கூப்பிட்டாள். டாக்டராகத்தான் கை வைத்துப் பார்த்தேன்.

பால் கட்டி என்கிறீர்கள். நான் குடிக்காமல் விட்டது முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பால். இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு, அது போன தீபாவளிக்கு எழுந்து வளருமா? இந்தக் கட்டி வளர்கிறது. கையில் பிடித்தால் நழுவவில்லை, கெட்டியாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இது புற்றுநோய்தான் என்றும் நான் சொல்லவில்லை. மாரில் வருகிற கட்டி எல்லாம் புற்று அல்ல. பாதிக்கு மேல் சாதுவான கட்டிதான். இதில் கெட்டது எது, சாது எது என்று கையால் தடவி எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்து ஜாதகம் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

எங்கள் வழி இது. அந்த இடத்தை ஊசி போட்டு மரக்க வைப்பார்கள். அவரைக்கொட்டை அளவு சதையை எடுத்துத் தையல் போடுவார்கள். அந்தத் துண்டை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் வைத்துப் பார்ப்போம். அப்படிப் பார்க்கிறதுதான் என் வேலை. நான் வெட்டுகிற டாக்டர் இல்லை. வெட்டுகிறவர் டாக்டர் ஸ்ரீகண்டன். நிதானமான மனிதர்.

ஆபத்தே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் ரத்தம் கசியும், சில நாள் வலிக்கும், யாராவது ஒருவருக்குச் சீழ் பிடிக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது. பார்க்காமல் விட்டால் வருகிறதற்கு மருந்து இருக்காது.

சரசம்மா ஒன்றே சொல்கிறாள். "அவரு வாயால சரின்னு சொல்லாம நான் அந்த மேஜைமேல படுக்க மாட்டேன்." ஸ்ரீகண்டனும் வீட்டுக்காரர் வந்து சம்மதம் சொல்லட்டும் என்கிறார். ஆகவே எல்லாம் உங்கள் கையில்.

அன்புடன்,
டெஸ்மண்ட்


தொம்மலூர்
16-4-1961

டெஸ்மண்ட் துரைக்கு,

உன் கடிதத்தை சரளா மூன்று முறை வாசித்தாள். வெங்காயத் தோல் என்கிற இடம் வந்தபோதெல்லாம் சரசு சிரித்தாள். "பையன் நல்லா வெளக்கறான் பாரு" என்றாள். உனக்கு முப்பத்தாறு வயசு ஆகிறது. அவளுக்கு நீ இன்னும் பையன்.

பூ கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அல்சூர் கடைத்தெருவில் தினம் சாயங்காலம் மல்லிகை வாங்கி வருகிறேன். பூக்காரி என்னைப் பார்த்து, "கெழவருக்கு வயசு திரும்புது" என்று கேலி பேசுகிறாள். பேசட்டும். வீடெல்லாம் மல்லிகை வாசனை. உன்னைப் பிரிந்து அவள் ஜுரத்தில் கிடந்த நாள் வாசனை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அல்சூரில் டோபி வரிசையில் ஒரு அம்மா இருந்தாள். அவளுக்கும் மாரில்தான். கத்தி வைத்துத் துண்டு எடுத்தார்கள். அடுத்த யுகாதியை அவள் பார்க்கவில்லை. கத்தி படும் வரைக்கும் அது தூங்கும், பட்டால் எழுந்து ஓடும் என்று அந்தத் தெருவே சொல்கிறது. இதற்கு என்ன சொல்கிறாய்?

இன்னொன்றும் சரளாவை எழுதச் சொல்கிறேன். அவள் "இதெல்லாம் எதுக்கு தாத்தா" என்கிறாள். எழுதும்மா.

குன்னூரிலிருந்து நீங்கள் திரும்பி வந்தபோது உனக்கு நாலு வயசு. சரசுவை மறுபடி ஆயாவாக வைத்துக்கொண்டார்கள். முனிராஜுவுக்கும் நாலு வயசுதான். காலையில் அவளை உங்கள் கேட்டில் இறக்கிவிடுவேன். கேட்டுக்குள் நான் கால் வைத்தது இல்லை. நீ ஓடிவந்து அவள் புடவையைப் பிடித்துக்கொள்வாய். என் மகன் வண்டிக்குள் உட்கார்ந்து அதைப் பார்ப்பான். ஒரு நாள் கேட்டான், "நைனா, அம்மா அவனுக்கா நமக்கா?" குதிரையைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனேன்.

பிறகு நீ கான்வென்டுக்குப் போனாய், டாக்டருக்குப் படித்தாய். அவன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனான். பர்மா எல்லையில் ஜுரத்தில் போய்விட்டான். ஒருத்தி பால்தான் இரண்டு பேரும் குடித்தது. வலது பக்கம் குடித்தவன் இருக்கிறாய். இடது பக்கம் குடித்தவன் இல்லை. நீ செத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீ நன்றாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு நன்றாக இல்லை, அவ்வளவுதான்.

நீ பார்க்கிற கண்ணாடிக்கு இத்தனை சக்தி உண்டு என்கிறாயே. அந்தச் சதையில் இருப்பது யாருக்காகச் சுரந்த பால் என்று அது சொல்லுமா?

கிருஷ்ணப்பா (கைநாட்டு)


பெங்களூர்
24-4-1961

மதிப்பிற்குரிய கிருஷ்ணப்பா அவர்களுக்கு,

அல்சூர் அம்மாவைப் பற்றி ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். அவள் வந்தபோது கட்டி வெடித்துப் புண்ணாகி இருந்தது. அக்குளிலும் கட்டிகள் இருந்தன. இரண்டு வருஷம் பத்துப் போட்டு, வேர் கட்டி, மந்திரித்துவிட்டு, கடைசியாகத்தான் எங்களிடம் வந்தாள். கத்தி வைத்ததும் அவள் செத்ததும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தது. அதனால் கத்தியால் செத்தாள் என்கிறார்கள். மழைக்கு முன்னால் தும்பி தாழப் பறக்கிறது. தும்பியா மழையைக் கொண்டுவந்தது?

துண்டு எடுப்பதால் நோய் எழுந்து ஓடாது. காத்திருப்பதால்தான் ஓடும். அது தூங்குவது இல்லை. நீங்கள் தூங்காமல் இருக்கிறேன் என்றீர்களே, அதுவும் அப்படித்தான்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். யாருடைய பால் என்று கண்ணாடி சொல்லாது. பாலா இல்லையா என்று சொல்லும். பாலாக இருந்தால் நானே உங்களுக்கு மல்லிகைப் பூ வாங்கி அனுப்புகிறேன், நீங்கள் சொன்னது சரி, படித்தவன் தோற்றேன் என்று பிரிஜெட்டை எழுதச் சொல்கிறேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். முனிராஜு வண்டிக்குள்ளிருந்து பார்த்தான் என்றீர்கள். நான் வராந்தா கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். சாயங்காலம் ஜட்கா மணி கேட்கும். சரசம்மா என் கையைப் புடவையிலிருந்து பிரித்து எடுப்பாள். வண்டியில் ஏறியதும் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் சம்பளத்துக்கு இருக்கிற நேரம் எனக்கு, இரவு முழுக்க அவனுக்கு. அந்த வயசில் உலகத்திலேயே நான் வெறுத்தது உங்கள் குதிரையை.

அவன் இறந்த செய்தி வந்தபோது நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. அது எனக்கு வருத்தம். இப்போது அதைப் பேச வரவில்லை. ஏப்ரல் முடியப் போகிறது. கட்டி உங்களுக்கும் காத்திருக்காது, எனக்கும் காத்திருக்காது.

டெஸ்மண்ட்


தொம்மலூர்
7-5-1961

டெஸ்மண்டுக்கு,

உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் சரளா எழுந்து போய்விட்டாள். நானும் சரசுவும் மட்டும் இருந்தோம்.

நான் சொன்னேன், "வலது பக்கம் அவனுது. அவனுதுல அவனே துண்டு எடுத்துக்கட்டும், எனக்கு என்ன வந்தது."

அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்தது இல்லை. அன்றைக்கு நான் கட்டிய பூவை அவிழ்த்து என் மடியில் போட்டாள். "இன்னாய்யா பேசறே நீ? அவன் பக்கம், உன் புள்ள பக்கம்னு பாகம் பிரிக்க இது இன்னா நெலமா? அந்த மவராசி பிரிச்சா, நான் கூலிக்கு வந்தவ, வாய மூடிக்கினு இருந்தேன். நீயும் அதே கோட்டைத்தான் போடறியா? ரெண்டும் என்னுதுய்யா. நோவுறது எனக்கு."

மடியில் கிடந்த பூவைப் பொறுக்கினேன். அவளே மறுபடி சொன்னாள், "எனக்குச் சாவ பயமில்ல. இன்னான்னு தெரியாம சாவத்தான் பயம்."

"ஏன் எங்கிட்ட மொதல்ல சொல்லல?" என்று கேட்டேன். இதுதான் நான் இரண்டு மாதமாகக் கேட்க நினைத்தது. உனக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் வேறு வேறு எழுத வைத்தேன்.

"சொன்னா நீ அழுவே" என்றாள். "அவங்ககிட்ட சொன்னா மருந்து குடுப்பாங்க. நீ அழுவே. அதையும் நான்தான் பாத்துக்கணும்."

இப்போது என் நிபந்தனை. புதன்கிழமை நான் அவளை அழைத்து வருகிறேன். அந்த ஸ்ரீகண்டன் டாக்டரிடம் சரி என்று என் வாயால் சொல்கிறேன். அவர் எடுக்கட்டும். கண்ணாடியில் நீதான் பார்க்க வேண்டும், வேறு ஆள் கூடாது. பொறாமை எனக்கு உன்மேல்தான், உன் கண் மேல் இல்லை. அதில் என்ன தெரிந்தாலும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்கு முன்னே, சரசுவுக்கு முன்னே. இந்த ஒரு தடவையாவது என் பெண்டாட்டியைப் பற்றி எனக்கு முதலில் தெரியட்டும்.

கிருஷ்ணப்பா (கைநாட்டு)


பெங்களூர்
17-5-1961

கிருஷ்ணப்பா அவர்களுக்கு,

கண்ணாடியில் பார்த்துவிட்டேன். என்ன பார்த்தேன் என்று பிரிஜெட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. இதில் எழுதினால் முதலில் அவளுக்குத் தெரியும், பிறகு சரளாவுக்குத் தெரியும், உங்களுக்கு மூன்றாவதாகத்தான் வரும். நீங்கள் கேட்டது அது இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிப் பின்பக்கம், ஜட்காக்கள் நிற்கிற வேப்பமரத்தடிக்கு வாருங்கள். என் முகத்தைப் பார்க்க இஷ்டமில்லை என்றீர்கள். தலை குனிந்தே நின்றாலும் சரி. வாயால் சொல்கிறேன்.

டெஸ்மண்ட்


தொம்மலூர்
30-7-1961

டெஸ்மண்டுக்கு,

சரசு வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. தையல் பிரித்தாகிவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுவரில் விரலால் ஏறச் சொல்லி பிரிஜெட் பழக்கிவிட்டுப் போகிறாள். சரசு ஒவ்வொரு நாளும் சுவரில் கரிக்கோடு போட்டு, "நேத்திக்கு இம்மாந்தூரம், இன்னிக்கு இம்மாந்தூரம்" என்று காட்டுகிறாள். நோய் அக்குளுக்கு இன்னும் போகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் ஸ்ரீகண்டன் டாக்டர். இன்னும் கொஞ்சம் பூ கட்டிக்கொண்டிருந்தால் நேரம் போயிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. மரியாதைக்காரர்.

வேப்பமரத்தடியில் நீ சொன்னதும் நான் கிளம்பிவிட்டேன். "பால் இல்லைங்க. புற்றுதான். ஆரம்பத்துல இருக்கு" என்றாய். உன் கண் சிவந்திருந்தது. அழுதுவிட்டு வந்திருந்தாய். அங்கேயும் எனக்கு முன்னே நீ அழுதுவிட்டாய்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. அது பால் இல்லை. நீ விட்டுப்போனது இல்லை. முப்பத்தைந்து வருஷமாக அவள் உனக்காக எதையும் உள்ளே கட்டி வைத்திருக்கவில்லை. வெறும் வியாதி. யாருடையதும் இல்லை. என் பெண்டாட்டிக்குப் புற்று என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு ஆறியது என்றால் நீ நம்புவாயா? இப்படிப்பட்ட மனுஷன் நான்.

அவளிடம் நான்தான் சொன்னேன். அழவில்லை. அழாமலே சொன்னேன். "பால் இல்லையாம்டி. எடுத்துடணுமாம்" என்றேன். "சரி, எடுத்துடட்டும்" என்று உலையில் அரிசியைப் போட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ அழல" என்றாள்.

எடுத்துவிட்டார்கள். வலது பக்கம் இப்போது தட்டையாக இருக்கிறது. உன் பக்கம் போய்விட்டது, என் மகன் பக்கம் இருக்கிறது. இதைச் சொல்லக் கூடாது என்று சரளா பேனாவை மூடிவிட்டாள். எழுதச் சொன்னேன். பாகம் பிரிக்காதே என்று சரசு சொன்னது காதில் இருக்கிறது. இருந்தாலும் தினம் அவளுக்கு ரவிக்கைக் கொக்கி மாட்டிவிடுகிறவன் நான். என் கண் கணக்குப் போடுகிறது. நான் என்ன செய்ய?

நீ காப்பாற்றினாய். அதற்குக் கும்பிடுகிறேன். ஆனால் இந்த வீட்டுக்கு வராதே. நீ வந்தால் அவள் உன்னைப் பார்த்துத்தான் சிரிப்பாள். இப்போது மிச்சம் இருக்கிற சிரிப்பு எனக்கு வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள், நான் வெளியே நிற்கிறேன்.

கிருஷ்ணப்பா (கைநாட்டு)


பெங்களூர்
8-6-1964

மதிப்பிற்குரிய கிருஷ்ணப்பா அவர்களுக்கு,

நீங்கள் வராதே என்று சொன்னீர்கள், நான் வரவில்லை. மூன்று வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சரசம்மாவைப் பார்ப்பதோடு சரி. போன மாதமும் ஸ்ரீகண்டன் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, எங்கும் மறுபடி வரவில்லை. முதலில் உங்களுக்குத்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கும்.

அம்மா ஈஸ்டருக்கு முன்னால் போய்விட்டாள். அது உங்களுக்குத் தெரியும். காக்ஸ் டவுன் வீட்டை விற்றுவிட்டோம். நான் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறேன். எங்கள் ஆங்கிலோ இந்திய ஜனங்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். மாதக் கடைசியில் பம்பாயில் கப்பல். திரும்பி வருவேன் என்று தோன்றவில்லை. சரசம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. என் வாயால் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொல்ல முடியாது. ஒரு தடவை உங்கள் வீட்டுக்கு வரலாமா? நீங்கள் வேண்டாம் என்றால் வர மாட்டேன்.

டெஸ்மண்ட்


தொம்மலூர்
14-6-1964

டெஸ்மண்டுக்கு,

நேரு போய் இன்னும் மாதம் ஆகவில்லை. தெருவில் எல்லோரும் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நானும் உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு அதைத்தான் செய்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. காலையிலேயே வா. அன்றைக்கு நான் ஆனேக்கலுக்கு பஸ் ஏறிப் போகிறேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. உன்னைக் கண்டதும் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை நான் பார்க்க வேண்டாம், நீ பார்த்துக்கொள். சாயங்காலம் வரைக்கும் திரும்ப மாட்டேன். ஒரு நாள் முழுக்க உனக்கு. இதற்கு மேல் என்னைக் கேட்காதே, என்னிடம் இல்லை.

நீ போகிற செய்தியை நான் அவளுக்குச் சொல்லவில்லை. இதை அவள் முதலில் உன் வாயால் கேட்கட்டும். சரளாவும் வாயைத் திறக்க மாட்டாள்.

ரசம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாரோ விருந்தாளி என்றுதான் சொன்னேன். சந்தேகப்படுகிறாள். "யாருய்யா அது, நீ ரசம் வெக்கச் சொல்ற அளவுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சாப்பிட்ட பிறகு கொஞ்சம் படுத்துக்கொள்ளச் சொல். வலது கை இன்னும் வெயில் நேரத்தில் கனக்கிறது என்பாள், வீங்குகிறதா என்று பார். கப்பல் ஏறும் முன்னே கடைசியாக டாக்டராகவும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ. அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை.

போகிற இடத்தில் உன்னைக் குழந்தையாக அறிந்தவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இங்கேயும் பெரிய கூட்டம் இல்லை. உன் அப்பா டென்சில் துரை போய்விட்டார். உன் அம்மா போய்விட்டாள். உங்கள் சமையல்காரர் பட்லர் சின்னப்பா, உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ரொட்டி சுடுவார், அவர் சண்டைக் காலத்திலேயே போனார். உனக்குப் பால் கொடுக்கும் முன்னே சோப்பு எடுத்துக் கொடுத்த அந்த நர்ஸ் கிழவியும் போய்விட்டாள். என் மகன் வண்டிக்குள் உன்னை ஒரு நாள் ஏற்றி மடியில் உட்கார வைத்துக்கொண்டான், நான் இறக்கிவிட்டேன். அவனும் இல்லை. நான் இருக்கிறேன், ஆனால் நான் ஒரு நாளும் உன்னைத் தூக்கியது இல்லை. ஆகையால் என்னை அந்தக் கணக்கில் சேர்க்காதே. உன்னைத் தூக்கினவர்களில் இன்றைக்கு உயிரோடு இருக்கிறவள் சரசு.

கிருஷ்ணப்பா (கைநாட்டு)